வெட்ட மறந்த சுரங்கள்

என் மனைவி சின்னத்திரைத் தொடர்களுக்குப் பின்னணி இசை போடுகிறவள். யாராவது செத்துப்போனால், காதலித்தவர்கள் பிரிந்தால், மருமகள் பெட்டியோடு வாசற்படி இறங்கினால், ஒரு பெண்குரல் வார்த்தையே இல்லாமல் ‘ஆ...’ என்று இழுக்குமே, அதில் பாதி எங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து போனதுதான். எனக்கு இசை தெரியாது. நான் பல் கட்டுகிறவன். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கும் லேப் என்னுடையது. “நீங்க ஊரைச் சிரிக்க வைக்கிறீங்க, நான் அழ வைக்கிறேன். கணக்கு சரியாப் போச்சு” என்பாள்.

அந்தக் குரல் அவளுடையது இல்லை. அவள் பாட ஆரம்பித்தால் நானே எழுந்து வெளியே போய்விடுவேன். அது ஒரு பழைய சாம்ப்ளர் பெட்டியோடு வந்த குறுந்தட்டில் இருந்த குரல். சாம்ப்ளர் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ஒருத்தரை மைக் முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு சுரமாகத் தனித்தனியே பாடச் சொல்லிப் பதிவு செய்துகொள்வார்கள். அதன்பிறகு கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்துகிறோமோ அந்தச் சுரம் அந்தக் குரலில் வரும். பாடினவர் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பார். குரல் மட்டும் இங்கேயே இருந்து சொன்னபடி கேட்டுக்கொண்டிருக்கும்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், மூடப்போகும் ஒரு ஸ்டுடியோவிலிருந்து அந்தப் பெட்டியை வாங்கி வந்தாள். தட்டின் மேல் ‘பெண் குரல் இரண்டு’ என்று மட்டும் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. பாடியது யார், எந்த ஊர், எதுவும் கிடையாது. அப்போது அவளை நம்பி எந்தப் பாடகியும் வரத் தயாராக இல்லை. இந்தக் குரலை வைத்துத்தான் தன் முதல் இசையை உருவாக்கி, அதைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். முதல் தொடர் கிடைத்தது. அதற்கப்புறம் கை ஓயவே இல்லை.

வீட்டில் அந்தக் குரலுக்குப் ‘பெரியம்மா’ என்று பேர் வைத்திருந்தோம். “இந்த சீனுக்குப் பெரியம்மாவைக் கூப்பிட்டாத்தான் சரிப்படும்” என்று பின்னறையில் தனக்குத்தானே பேசிக்கொள்வாள். என் மனசில் பெரியம்மா எப்போதும் ஒரு வெள்ளைக்கார அம்மாள்தான். எங்கோ தூரதேசத்து மாதா கோயிலில், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, உயரமாக, ஒல்லியாக நிற்பார்.

போன வருஷம் ஒரு இளம் டைரக்டர் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு அது முதல் படம், என் மனைவிக்கும் அது முதல் சினிமா வாய்ப்பு. வந்தவன் டீயைக்கூடத் தொடாமல் விஷயத்துக்கு வந்தான்.

“மேடம், எங்கம்மா பாக்குற சீரியல்ல ஒரு குரல் வருது. எனக்கு அந்தக் குரல் வேணும். அந்த மாதிரி இல்ல, அதேதான் வேணும்.”

“அதுக்கென்ன தம்பி, அது நம்ம வீட்டுப் பிள்ளை” என்று சொல்லி அனுப்பினாள்.

சொன்ன வாய் மூடவில்லை, அந்த வாரமே சாம்ப்ளர் பெட்டி படுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் உள்ளே ஏதோ உறுமும், திரை இருட்டாகவே இருக்கும். பழுது பார்க்க வந்தவர் திறந்து பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி மூடினார். “இதுக்கு உதிரி பாகமே இப்ப வர்றதில்ல மேடம். எடுத்து வெச்சு அழகு பாக்கலாம்” என்றார்.

பெட்டி போனால் போகிறது, தட்டு இருக்கிறதே என்று அதைப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டாள். அது கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, இது காலித் தட்டு, இதில் என்ன பதிய வேண்டும் என்று கேட்டது.

“காலியாம்! பெரியம்மாவைக் காலிங்குது இந்தத் தகரடப்பா!” என்று பின்னறையிலிருந்து அவள் போட்ட கூச்சலில் நான் ஓடிப்போனேன்.

பிறகுதான் எனக்கு விளக்கினாள். பழைய சாம்ப்ளர்கள் தட்டில் தங்களுக்கென்று ஒரு தனி முறையில் எழுதி வைக்கும். கம்ப்யூட்டருக்கு அந்த எழுத்து புரியாது, அதனால் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடும். அவள் வேலை செய்கிற இசை மென்பொருள் ஒரு காலத்தில் அந்த முறையைப் படித்துக்கொண்டிருந்ததாம். புதுப் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். எழுதிக் கேட்டதற்கு, அந்த வசதியைப் பயன்படுத்துவோர் அநேகமாக இல்லை என்பதால் நீக்கிவிட்டோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

“வேற குரலே கிடைக்காதா?” என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“கிடைக்கும். ஆயிரம் கிடைக்கும். கேக்குறீங்களா?” என்று ஒன்றொன்றாக வாசித்துக் காட்டினாள். எல்லாமே அழகாகத்தான் இருந்தன. “பாருங்க, எல்லாம் பளிங்குத் தரை மாதிரி. கால் வெச்சா வழுக்குது. பெரியம்மா குரல்ல கொஞ்சம் சொரசொரப்பு உண்டு. அங்கதான் மனசு போய் நிக்கும்.”

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை சமையலறைக்கு வந்தபோது முகம் வேறாக இருந்தது. இந்தப் பழைய தட்டுகளைப் படித்து, உள்ளே இருப்பதைச் சாதாரண ஒலிக் கோப்புகளாகப் பிரித்துக் கொடுக்கிற ஒரு சின்ன மென்பொருளை இணையத்தில் கண்டுபிடித்திருந்தாள். யாரோ ஒருத்தர் தன் தேவைக்காக எழுதி, வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று சும்மா போட்டு வைத்திருந்தார். ஒரே சிக்கல், அது பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடும்.

“உங்க லேப்ல ஒரு கிழடு இருக்கே, அது இன்னும் மூச்சு விடுதா?”

இருந்தது. செயற்கைப் பல் செதுக்குகிற பழைய எந்திரத்தை ஓட்டுவதற்காக ஒரு கம்ப்யூட்டரை மூலையில் வைத்திருந்தேன். மாவு பூசினமாதிரி அதன் மேல் எப்போதும் பிளாஸ்டர் தூசி படிந்திருக்கும்.

அவள் அந்த மென்பொருளை எழுதியவருக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். மறுநாளே பதில் வந்தது. தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாகவும், இதை இன்னும் ஒருத்தர் பயன்படுத்துகிறார் என்பதே சந்தோஷமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். தட்டில் நேராகக் கை வைக்காதீர்கள், முதலில் அப்படியே ஒரு முழுப்படி எடுத்துக்கொண்டு அந்தப் படியில் வேலை செய்யுங்கள் என்று வழியும் சொல்லியிருந்தார். “யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்” என்று என் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப் பூட்டியிருந்த நேரத்தில் இரண்டு பேரும் போனோம். சுற்றிலும் தட்டுத் தட்டாக பிளாஸ்டர் தாடைகள். அவளுக்கு என் லேப் என்றாலே கொஞ்சம் பயம். “இத்தனை பேர் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு என்னையே பாக்குறாங்க” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். படி எடுத்தாள், மென்பொருளை ஓடவிட்டாள். திரையில் வரிசையாகக் கோப்புகள் விழ ஆரம்பித்தன. பேர்கள் எல்லாம் வண்டி நம்பர் போல வெட்டுப்பட்டு, எண்ணும் எழுத்துமாக வந்தன. ஆனால் வந்தன. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

முதல் கோப்பைத் தட்டினாள். ‘ஆ...’ என்று பெரியம்மா பாடினார். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்.

“என்ன, நின்னுடுச்சு?” என்றேன்.

“நிக்கத்தான் செய்யும். மனுஷங்க எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பாங்க? சாம்ப்ளர்ல நடுவுல ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விடுவாங்க. அதனாலதான் கட்டையை அழுத்தி வெச்சிருக்கிற வரைக்கும் பாடிக்கிட்டே இருக்கும். இந்த மாத்துறதுல அந்தக் குறியெல்லாம் போயிடுச்சு போல. நான்தான் திரும்ப வெக்கணும்.” சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “இருங்க. இன்னும் ஓடுது.”

குரல் நின்ற பிறகும் கோப்பு முடியவில்லை. யாரோ மூச்சு வாங்கினார்கள். நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு ஒரு ஆண்குரல், சற்றுத் தள்ளி நின்று, தெளிவாகச் சொன்னது:

“சரிக்கா. அடுத்த சுரம்.”

மவுஸின் மேல் இருந்த அவள் கை அப்படியே நின்றது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன், அங்கே இருந்த தாடைகளில் ஒன்றாக.

“தமிழ்” என்றாள்.

அடுத்த கோப்பு. ‘ஆ...’ முடிந்தது. “தண்ணி குடிச்சுக்கட்டுமா தம்பி?” இது பெண்குரல். பெரியம்மாவின் குரல்! அடுத்ததில் ஒன்றுமில்லை, வெறும் மூச்சு. அதற்கடுத்ததில் சிரிப்பு. “ஃபேனை நிறுத்தினா வேர்க்குது, போட்டா நீ சத்தம்னு சொல்ற. நான் என்னதான் பண்றது?” இன்னொன்றில் சுரம் முடியும் முன்பே தூரத்தில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. “ஐயோ, முழிச்சுட்டா. இரு தம்பி, பால் குடுத்துட்டு ஓடி வந்துடறேன்.” செருப்புச் சத்தம். கதவு.

நான் சிரித்துவிட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசிவரை கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த உச்ச சுரத்தை அந்தப் பெண் ஒரே மூச்சில் ஏறிப் பிடித்திருந்தார். அது அடங்கியதும் ஒரு நீண்ட மூச்சு. பிறகு தயங்கித் தயங்கி அவரே கேட்டார்:

“நல்லா இருந்துச்சா?”

பதில் இல்லை. கோப்பு அங்கே முடிந்துவிட்டது.

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இவ்வளவு வருஷம் இவங்க என் பக்கத்துலயே உக்காந்து பேசிட்டிருந்திருக்காங்க. எனக்குக் கேக்கவே இல்ல பாருங்க” என்றாள்.

“மெஷின் கேக்க விடல. நீ என்ன பண்ணுவ?”

“அவங்களைக் கண்டுபிடிக்கணும்.”

“படம்?”

“படம் இருக்கட்டும். முதல்ல இவங்களைப் பாத்து ஒரு நன்றி சொல்லணும். இவங்க இல்லேன்னா நான் யாரு?”

பெட்டியை எங்களுக்கு விற்ற ஸ்டுடியோக்காரர் இப்போது கல்யாண வீடுகளுக்கு நாற்காலியும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுகிறார். போனில் கேட்டதும், “அந்தத் தட்டா? அது எங்க ரெக்கார்டிங் பையன் சொந்தமாச் செஞ்சது. இப்ப காது மெஷின் கடை வெச்சிருக்கான். எல்லாரும் அவனைக் காது டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க, அவன் டாக்டரும் இல்ல ஒண்ணும் இல்ல” என்று வழி சொன்னார்.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வெல்வெட் துணி மேல், நகைக்கடை மாதிரி, குட்டிக் குட்டிக் காது மெஷின்கள். முன்வழுக்கை விழுந்த ஒருத்தர் எழுந்து வந்து, என்னைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்தார். சத்தமாக, “யாருக்கு? சாருக்கா?” என்றார்.

“அவருக்குக் காது நல்லாவே கேக்கும் சார். நான் சொன்னா மட்டும்தான் கேக்காது” என்றாள் என் மனைவி.

மடிக்கணினியைத் திறந்து, அந்த முதல் கோப்பைப் போட்டாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “சரிக்கா. அடுத்த சுரம்” என்று தன் குரலே வந்ததும் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஐயையோ! வெட்டலையா நான்?”

“வெட்டலையே சார்.”

“மெஷின்ல போட்டா அதுக்கப்புறம் இருக்கிறது கேக்காது, யாருக்குத் தெரியப்போகுதுன்னு அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டேன். அப்பறம்ங்கிறது வரவே இல்ல.” உட்கார்ந்துகொண்டார். “எங்கேம்மா புடிச்சீங்க இதை?”

அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர் சொன்னதுதான் எங்களை உலுக்கியது. அந்தத் தட்டு உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான். ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கலாம் என்று ஆசையோடு செய்திருக்கிறார், அவர்கள் வேண்டாமென்று விட்டார்கள். ஸ்டுடியோ மூடியபோது பெட்டிக்குள்ளேயே தட்டும் போய்விட்டது. குப்பைக்குப் போயிருக்கும் என்று அவர் மறந்தே போனார்.

“பாடினவங்க?” என்றாள் என் மனைவி.

“எங்க ஸ்டுடியோவுக்கு மேல் மாடியில குடியிருந்தாங்க. கோரஸ் பாடிட்டிருந்தவங்க. குழந்தை உண்டானதும் கூப்பிடுறதை நிறுத்திட்டாங்க. அப்புறம் யாரும் திரும்பக் கூப்பிடல. நான்தான் மேல போய், அக்கா, சும்மாத்தானே இருக்கீங்க, ஒவ்வொரு சுரமா பாடிக் குடுங்கன்னு கூட்டிட்டு வந்தேன். குழந்தையைத் தூளியோட கொண்டு வந்துடுவாங்க. குழந்தை எந்திரிச்சா ரெக்கார்டிங் நின்னுடும்.” அவர் கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பதுபோல் கையால் தேய்த்தார். “இப்பவும் இங்கதான் இருக்காங்கம்மா. ஒரு டைல்ஸ் கடையில மேனேஜர். அவங்க மாமனாருக்கு என்கிட்டத்தான் மெஷின் வாங்கினாங்க.”

டைல்ஸ் கடை பெரிய கிடங்கு மாதிரி இருந்தது. நடந்தால் நம் காலடிச் சத்தம் நமக்கே திரும்பி வரும். குளியலறை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக வரிசையாகப் பொய்க் குளியலறைகள், தண்ணீர் வராத குழாய்களோடு. கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, குட்டையாக, பருமனாக ஒரு அம்மாள் விறுவிறுவென்று எங்களை நோக்கி வந்தார்.

“வாங்க வாங்க. தரைக்கா, சுவத்துக்கா?”

என் மனைவிக்கு வாய் அடைத்துப்போயிற்று. அந்தக் குரல்! நான் முழங்கையால் இடித்தேன். “இல்லக்கா” என்றாள். “குரலுக்கு.”

“என்னது?”

ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். அந்த அம்மாள் நம்பவில்லை. ஏதோ விற்க வந்திருக்கிறோம் என்று சந்தேகம். அப்புறம் அவள் செய்த தொடர்களின் பேர்களைச் சொல்லச் சொல்ல, அவர் கண் விரிந்துகொண்டே போனது.

“இரு இரு. அந்த ரெட்டை மாமியார் சீரியலா? அதை நான் ஒரு நாள் விட்டதில்ல. அதுல மூத்தவ செத்துப்போறப்ப வருமே ஒரு குரல்...”

“அதேதான்கா.”

“அடிப்பாவி!” என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அன்னைக்கு என் பொண்ணுகிட்ட சொன்னேன், யாருடி இவ, நல்லாத்தான் பாடுறா, ஆனா மேல போறப்ப மூக்கால போறாளேன்னு! நானா அது?”

கடையே எதிரொலிக்கிற மாதிரி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வாடிக்கையாளர் ஒருத்தர் ஒரு டைல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

என் மனைவி ஹெட்ஃபோனை எடுத்தாள். உட்கார இடம் தேடி, கடைசியில் ஒரு பொய்க் குளியலறைத் தொட்டியின் விளிம்பில் இரண்டு பெண்களும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஃபேன் பேச்சு வந்தபோது உதட்டோரம் சிரிப்பு வந்தது. குழந்தை வீறிட்டபோது கண்ணைத் திறந்தார்.

“பாவி மக, இதே அழுகைதான். ஒரு வருஷம் என்னைத் தூங்கவிடல. இப்ப எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டேங்கறா.”

சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி பேசினார். பேச்சு எங்களுக்காக இல்லை என்று தோன்றியது. “அந்த வருஷம் என்னை யாருமே பாடக் கூப்பிடல. இந்தத் தம்பி ஒருத்தன்தான் மாடி ஏறி வந்தான். ஏதோ மெஷினை டெஸ்ட் பண்றான்னுதான் நெனச்சேன். ஆனாலும் மத்தியானம் எப்ப வரும்னு காத்திருப்பேன். ஒரு எழுத்துதானே பாடச் சொன்னான், அதுக்கே அவ்வளவு சந்தோஷம். அப்புறம் இந்த வேலை கிடைச்சது, வாழ்க்கை நல்லாத்தான் போச்சு, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா நான் பாடினது ஒரு இடத்துக்காவது போய்ச் சேந்துச்சான்னு மட்டும் தெரியாமலே இருந்துச்சு.”

என் மனைவி அந்த உச்ச சுரத்தைப் போட்டாள். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் எங்கே வந்திருக்கிறது என்று அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. இளம்வயது அவர், காதுக்குள், நல்லா இருந்துச்சா என்று கேட்ட இடம். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே என் மனைவியைப் பார்த்தார்.

“அவன் டீ வாங்கப் போயிட்டான் போல. பதிலே சொல்லல” என்றார்.

“நான் சொல்றேன்கா. ரொம்ப நல்லா இருந்துச்சு. என் வீட்டு அடுப்பு உங்க குரல்லதான் எரிஞ்சுது. எத்தனையோ வீட்ல எத்தனையோ பேர் அதைக் கேட்டு அழுதிருக்காங்க. உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

நான் நகர்ந்து போய் டைல்ஸ்களின் நிறத்தை எல்லாம் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீடு வீடாக இல்லை. என் மனைவி ஒவ்வொரு சுரத்தையும் புது மென்பொருளில் ஏற்றி, எந்த இடத்தில் திருப்பி ஓடவிட்டால் ஒட்டு தெரியாது என்று காதை வைத்துத் தேடினாள். ஒட்டுச் சரியில்லை என்றால் ‘டுக்’ என்று ஒரு சத்தம் வரும், தொண்டையில் சோறு சிக்கின மாதிரி. அந்த ‘டுக்’ போகும்வரை விடமாட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கான பேர் வைத்தாள். எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய சாதாரண ஒலிக் கோப்புகளாகவே வைத்தாள். சுரங்களிலிருந்து வெட்டிய பேச்சுத் துண்டுகளைத் தனியாகச் சேர்த்து, அந்த அம்மாளின் மகளுக்கு அனுப்பினாள். அந்தப் பெண் தன் அழுகையையே போனில் அழைப்பு மணியாக வைத்துக்கொண்டிருக்கிறாளாம். ஆபீஸில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்கிறார்களாம்.

இதற்கு நடுவே அந்த அம்மாளிடம் அனுமதியும் கேட்டாள், படத்தில் அவர் பேரைப் போடுவதாகவும் சொன்னாள். கூடவே இன்னொன்றும் கேட்டாள். “அக்கா, படத்துக்கு இப்ப வந்து பாடுறீங்களா?”

“இந்தத் தொண்டையிலயா? நாள் பூரா தரைக்கா சுவத்துக்கான்னு கத்தின தொண்டை இது.”

ஆனாலும் வந்தார். நல்ல புடவை கட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். காது டாக்டரும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, யாரும் கேட்காமலே மைக்கின் உயரத்தைச் சரி செய்தார். “இந்தத் தடவையாவது முழுப் பாட்டா? இல்ல, மறுபடியும் எழுத்து எழுத்தா?” என்று அவரை அந்த அம்மாள் கிண்டினார்.

“முழுசாத்தான்கா. தப்பு எல்லாம் நான் வெட்டிடறேன்.”

“நீ வெட்டின லட்சணம்தான் தெரியுமே!”

குரல் இறங்கியிருந்தது. முன்பு ஏறின உயரத்துக்கு இப்போது ஏறவில்லை. முதலில் இரண்டு தடவை நடுவே நின்று மன்னிப்புக் கேட்டார். என் மனைவி எழுந்து போய்ப் பாட்டையே அவர் குரலுக்கு இறக்கினாள். மூன்றாவது தடவை அவர் பாடியபோது, நான் கதவுக்கு வெளியே கையில் தண்ணீர் சொம்போடு நின்றிருந்தேன். உள்ளே கொண்டுபோகத் தோன்றவில்லை. அந்த சொரசொரப்பு அப்படியே இருந்தது, இன்னும் ஆழத்தில். படத்தில் கதாநாயகி இளமையாக இருக்கும்வரை பழைய சுரங்கள். அவளுக்கு வயசான பிறகு இந்தக் குரல். அதைக் கேட்ட டைரக்டர் தம்பி போனைக் கையில் எடுத்தான். பிறகு, “எங்கம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா, இன்னொரு தடவை போடுங்க மேடம்” என்றான்.

படம் வந்த அன்று பகல் காட்சிக்கு எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். கடைசியில் பேர்கள் ஓட ஆரம்பித்தன. கூட்டம் எழுந்து போய்க்கொண்டிருந்தது, நாங்கள் அசையவில்லை. “அம்மா, வருது வருது” என்றாள் மகள். அந்த அம்மாள் அவசர அவசரமாகப் பைக்குள் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கைக்குட்டை வந்தது, சாவிக்கொத்து வந்தது, டைல்ஸ் கடை விலைப்பட்டியல்கூட வந்தது. கண்ணாடி வந்து அவர் மூக்கில் ஏறுவதற்குள், ‘குரல்’ என்ற வரியும் அதற்குக் கீழே அவர் பேரும் மேலே ஏறிக் காணாமல் போய்விட்டன.

“போச்சா?” என்றார்.

“போச்சும்மா” என்று மகள் அழாத குறையாகச் சொன்னாள்.

காது டாக்டர் ஏற்கனவே எழுந்து படியிறங்கிக்கொண்டிருந்தார். அடுத்த காட்சிக்கு டிக்கெட் எடுக்கப் போகிறார் என்று தெரிந்தது. “அதே சீட்டாக் கேளு தம்பி!” என்று அந்த அம்மாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.